ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தல்: கோஸ்டா ரிக்காவில் நிலம் தேடுவோர்க்கு

வெப்பமண்டல நாடொன்றில் ஒரு வீடோ, தோட்டத்தோடு கூடிய சிறு நிலமோ வாங்கி, ஆயுளின் ஒரு பகுதியை அங்கே கழிக்கலாம் என்ற உத்தேசத்தோடு பிரயாணம் புறப்படுகிறவர் வெறும் யாத்திரிகரும் அல்லர். அந்நாட்டுக் குடியும் இன்னும் அல்லர். இவ்விரு நிலைகளுக்கும் நடுவே நிற்கும் அவருக்கு நேரக்கூடிய பெரிய அபாயம், யாத்திரிகருடைய கண்களால் பார்த்துவிட்டு, அங்கேயே குடியிருப்பவர் மட்டுமே அறிந்த சுகதுக்கங்களையெல்லாம் விலைகொடுத்து வாங்கிவிடுவதுதான். அந்த அபாயத்திலிருந்து தப்பும் வழியைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டா ரிக்காவை உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1948-இல் ராணுவத்தைக் கலைத்து, மறு ஆண்டே அரசியல் சாசனத்தில் அதனை உறுதிசெய்த அந்தச் சிறு குடியரசு, சில விலக்குகள் நீங்கலாக, தன் பிரஜைகளுக்குள்ள தனிமனித உரிமைகளை அந்நியர்க்கும் அளித்திருக்கிறது. ஆகவே, வெளிநாட்டார் எவரும் தம் சொந்தப் பெயரிலேயே அங்கே நிலம் வாங்கலாம். வாங்கிய நிலம் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே பதிவகத்தில் ஏறும். இவ்வளவு தாராளமாக வாசல் திறந்திருப்பதால் அவசரப்படுகிறவர்கள் தொகையும் அங்கே அதிகம். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்லும் விதி ஒன்றே: நிலத்தைப் பார்த்த நாளுக்கும் கிரயம் முடிக்கும் நாளுக்கும் இடையே ஒரு மழைக்காலம் கழிய வேண்டும். மண்ணின் குணத்தையும், பாதையின் உறுதியையும், நீரின் நிலையையும், அயலாரின் சுபாவத்தையும் மழை வெளிப்படுத்துவதுபோல வேறு எந்தப் பரீட்சையும் வெளிப்படுத்துவதில்லை. பத்திரங்களை நிதானமாக ஆராய்வதற்கான அவகாசமும் அந்த மாதங்களிலேயே கிடைத்துவிடுகிறது.

தேசத்தின் அமைப்பு

கோஸ்டா ரிக்காவின் விஸ்தீரணம் ஏறக்குறைய 51,100 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் குறைவு. அதன் தலைநகரான சான் ஹோசேயும் நமது மதுரையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆயினும் மதுரையின் வெயிலை எண்ணிக்கொண்டு அங்கே போகிறவர், கடல்மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த அந்நகரில், ஆண்டு முழுவதும் மிதமான சீதோஷ்ணத்தைக் கண்டு வியப்படைவார். அந்த நாட்டில் வெப்பத்தையும் குளிர்ச்சியையும் தீர்மானிப்பது மாதத்தைவிட உயரமே. சில மணி நேரப் பிரயாணத்தில், கம்பளி தேவைப்படும் மலையுச்சியிலிருந்து வியர்வை ஓயாத கடற்கரைக்கு இறங்கிவிடலாம் என்பதால், 'கோஸ்டா ரிக்காவில் வீடு' என்று பொதுவாக எண்ணுவதைக் காட்டிலும், எந்த உயரத்தில், எந்தச் சரிவில் என்று முதலில் நிச்சயம் செய்துகொள்வதே விவேகம்.

பசிபிக் பக்கத்திலும் மத்தியப் பள்ளத்தாக்கிலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம்; மே முதல் நவம்பர் வரை மழைப் பருவம்; செப்டம்பரும் அக்டோபரும் அதன் உச்சம். கரீபியப் பக்கமான லிமோன் மாகாணத்தில் இப்பிரிவினை பொருந்தாது; அங்கே ஆண்டு முழுவதும் மழை உண்டென்றாலும், பசிபிக் கரை நனைந்து கிடக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் வானம் சற்றுத் தெளிகிறது. வடமேற்கிலுள்ள குவானகாஸ்தே வறட்சிக்குப் பெயர்போன மாகாணம். தென்மேற்கிலுள்ள ஓசா தீபகற்பமோ அடர்ந்த மழைக்காடு. விளம்பரங்களிலுள்ள புகைப்படங்கள் பெரும்பாலும் வறண்ட பருவத்தில் எடுக்கப்படுகின்றன. வெளிநாட்டார் பெரும்பாலும் அப்பருவத்திலேயே வருகிறார்கள். விலையும் அப்போதே ஏறி நிற்கிறது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுற்றிப் பார்க்கும் முறை

முதற்பயணத்தில் எதையும் வாங்குவதில்லை என்று உறுதி செய்துகொண்டு புறப்படுவது நன்று. அந்த உறுதி இருந்தால்தான் பார்வை சுதந்திரமாக இருக்கும். மத்தியப் பள்ளத்தாக்கில் எஸ்காசூ, அதேனாஸ், கிரேசியா போன்ற ஊர்கள் ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும் கிட்டத்தில் இருப்பவை. மிதமான தட்பவெப்பத்தையும் தினசரி சௌகரியங்களையும் பெரிதாகக் கருதுகிற முதியோர்க்கு ஏற்றவை. குவானகாஸ்தேயின் தாமரிந்தோ, நொசாரா முதலிய கடலோர ஊர்கள் அந்நியர் பெருகி விலை உயர்ந்த இடங்கள். தென் பசிபிக்கரையில் டொமினிக்கல், உவீத்தா, ஓஹோச்சால் என வரிசையாக அமைந்த ஊர்களில் மலை நேரே கடலை நோக்கி இறங்குவதால் காட்சி அற்புதமானது. சரிவும் அவ்வளவே கடுமையானது. 1951-இல் அமெரிக்காவிலிருந்து வந்த குவேக்கர் சமயத்தார் குடியேறிய மொன்தேவெர்தே, மேகம் தவழும் குளிர்ந்த மலைப்பிரதேசம். கரீபியக் கரையிலுள்ள புவெர்த்தோ வியேஹோவில் ஜமைக்கா வம்சத்தாரின் மொழியும் உணவும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இவற்றுள் மனத்துக்குப் பிடித்த இரண்டொரு பிரதேசங்களைத் தேர்ந்து, அங்கே விடுதியில் தங்காமல் மாத வாடகைக்கு வீடு பிடித்து வசிக்க வேண்டும். சந்தைக்கு நடந்து போய்க் காய்கறி வாங்குவதும், மருந்துக்கடையும் மருத்துவமனையும் எவ்வளவு தூரத்தில் உள்ளன என்று பார்ப்பதும், மின்சாரம் எத்தனை முறை நின்றுபோகிறது என்று கவனிப்பதும், ஸ்பானிய மொழியில் நாலு வார்த்தை பேசப் பழகுவதும் குடியிருப்பதால் மட்டுமே கைகூடும். தெருப்பெயரும் கதவிலக்கமும் அங்கே பெரும்பாலும் வழக்கில் இல்லை. மாதாகோவிலுக்கு வடக்கே 200 மீட்டர், பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே 50 மீட்டர் என்றே விலாசம் சொல்வார்கள். அப்படிச் சொல்லும் விலாசத்தைத் தேடி நாலு பேரிடம் வழி கேட்கும்போதே ஊராரோடு பழக்கம் ஏற்பட்டுவிடும். நிலத்தைப் பற்றித் தரகர் சொல்லாத செய்திகளும் பெரும்பாலும் அப்பழக்கத்தின் மூலமே காதுக்கு எட்டும்.

மழை அளிக்கும் சாட்சியம்

அக்டோபர் மாதத்தின் ஒரு பிற்பகலில், கனத்த மழை பெய்து கொண்டிருக்கையிலேயே நிலத்துக்குப் போய்ப் பாருங்கள். முதலில் பாதையைக் கவனிக்க வேண்டும். சிற்றோடையைக் கடந்து செல்லும் வழியானால், பாலம் இல்லாத அந்த ஓடையில் வெள்ளம் வந்தால் எத்தனை நாள் போக்குவரத்து நிற்கும் என்று அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள். அந்தத் தேசத்தின் பெருவழிகளுக்கே இவ்விடையூறு உண்டு. சான் ஹோசேயிலிருந்து லிமோனுக்குச் செல்லும் 32-ஆம் எண் நெடுஞ்சாலை பிராவுலியோ கரியோ வனத்தைக் கடக்குமிடத்தில் மண்சரிவினால் அடிக்கடி மூடப்படுகிறது; தெற்கே செல்லும் பழைய சாலையோ 3,000 மீட்டருக்கும் உயர்ந்த மலைமுடியைப் பனிமூட்டத்தினூடே தாண்டுகிறது. பெருவழியே இப்படியானால், சொந்தச் செலவில் செப்பனிட வேண்டிய கிளைப்பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மனைத்தளம். கடற்காட்சிக்காக மலைச்சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்புறம் கொட்டிச் சமப்படுத்திய மனைகள் அங்கே ஏராளம். கொட்டிய மண்ணின் மேல் கட்டிய வீடு, நீர் ஊறும் பருவத்தில் நழுவக்கூடும். ஆகையால் தளத்தின் வெளிவிளிம்பில் நடந்து வெடிப்புகள் உண்டா என்று பார்ப்பதும், வெட்டி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்பதும், மண்பரிசோதனை செய்யும் பொறியாளரின் அறிக்கையைப் பெறுவதும் அவசியம். பூகம்பமும் அங்கே அபூர்வமன்று. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் நிக்கோயா தீபகற்பத்தில் 7.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. 2016 நவம்பரில் ஓட்டோ சூறாவளி வடபகுதியையும், 2017 அக்டோபரில் நேட் புயலின் மழை பசிபிக் கரையையும் பாதித்தன. கட்டிய வீட்டை வாங்குகிறவர், அந்த ஆண்டுகளில் அந்த வீடு எப்படி நின்றது என்பதை, விற்பவரிடம் மட்டுமன்றி அண்டை வீட்டாரிடமும் விசாரிக்க வேண்டும். சுவரின் பூஞ்சணமும், மரச்சட்டத்தின் கரையான் தடமும், கழிவுநீர்த் தொட்டி நிரம்பிய நாற்றமும் மழைக்காலத்தில் ஒளிந்துகொள்ள முடியாதவை.

குடிநீர்

மழை மிகுந்த தேசத்தில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நிலம் வாங்கியவர் பலர் வீடு கட்ட முடியாமல் தவிப்பதற்கு முதற்காரணம் தண்ணீரே. நகரங்களில் 1961-இல் ஏற்பட்ட அரசாங்க நீர்வாரியமும், கிராமங்களில் 'அசாதா' என்று வழங்கும் கிராம நீர்ச் சங்கங்களும் குடிநீர் வழங்குகின்றன. குறிப்பிட்ட மனைக்கு நீர் கொடுக்கத் தயார் என்று இவர்களுள் ஒருவர் எழுதித்தரும் கடிதம் இல்லாவிட்டால், நகராட்சி கட்டட அனுமதி தராது. பக்கத்து வீட்டில் குழாய் இருப்பதும், விற்பவர் வாய்மொழியாக உறுதி சொல்வதும், ஓடை அருகே பாய்வதும் அந்தக் கடிதத்துக்கு ஈடாகமாட்டா; கிணறு தோண்டவும் தனி அனுமதி வேண்டும்.

வறண்ட குவானகாஸ்தேயில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையானது. 2008-இல் சர்தினால் என்னும் ஊரில், தங்கள் நிலத்தடி நீரைக் குழாய் வழியே கடற்கரை மாளிகைகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை எதிர்த்து ஊர்மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நாம் வாங்கும் மனைக்கு வரும் நீர் எந்த ஊராருடைய ஊற்றிலிருந்து வருகிறது, அவர்களுக்குப் போதுமான அளவு மிஞ்சுகிறதா என்று கேட்டறிவது தற்காப்பு மட்டுமன்று. அண்டையாராகப் போகிறவர்க்குத் தர்மமும் ஆகும்.

பதிவகமும் பத்திரமும்

நம் நாட்டில் பட்டா ஓர் அலுவலகத்திலும், பத்திரம் மற்றோர் அலுவலகத்திலுமாகத் தேடிப் பழகியவர்க்கு, கோஸ்டா ரிக்காவின் தேசியப் பதிவகம் மிகுந்த ஆறுதல் அளிக்கும். பதிவான ஒவ்வொரு சொத்துக்கும் 'ஃபோலியோ ரெயால்' என்ற எண் உண்டு. அதன் முதல் இலக்கம் மாகாணத்தைக் காட்டுவது: சான் ஹோசேக்கு 1, குவானகாஸ்தேக்கு 5, புன்தாரேனாஸுக்கு 6, லிமோனுக்கு 7 என்பது போல. அந்த எண் கிடைத்தால், உரிமையாளர் யார், அடமானம் உண்டா, வழிப் பாத்தியதை உண்டா, வழக்கு ஏதேனும் குறிப்பாக ஏறியிருக்கிறதா என்பவற்றை எவரும் பார்க்கலாம். எண்ணைக் கொடுக்கத் தயங்குகிற விற்பனையாளரோடு மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை.

பதிவேட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, 'பிளானோ காடஸ்ட்ராடோ' எனப்படும் பதிவுபெற்ற அளவை வரைபடம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, நாமே நியமித்த சர்வேயரோடு எல்லைக்கல் எல்லைக்கல்லாக நடந்து, தாளிலுள்ள பரப்பும் தரையிலுள்ள பரப்பும் ஒன்றுதானா, வேலி அண்டை நிலத்தில் ஏறியிருக்கிறதா, பொதுச்சாலையிலிருந்து மனைக்குச் சட்டப்படி வழி உண்டா என்று உறுதிசெய்ய வேண்டும். நகராட்சியிடமிருந்து நில உபயோகச் சான்றும் பெற வேண்டும். வீடு கட்ட அனுமதியில்லாத வகையில் அடங்கிய நிலத்தைக் குடியிருப்பு மனையென்று விற்பது நடவாத காரியமன்று.

இரண்டு வகை விற்பனைகளில் பிரத்யேக ஜாக்கிரதை தேவை. ஒன்று, பதிவே இல்லாமல் அனுபவ பாத்தியதையை மட்டும் விற்பது. விலை குறைவாயிருக்கும், பின்னால் வரும் வழக்கு நீளமாயிருக்கும். மற்றொன்று, பெரிய பண்ணையொன்றில் பிரிவினை செய்யாமல் பங்குரிமையை மட்டும் விற்பது; காட்டிய மனை நமதென்று நம்பியிருப்போம், பதிவேட்டிலோ முழுப் பண்ணையிலும் இத்தனையில் ஒரு பங்கு என்றே இருக்கும். முதன்முறையாக வாங்குகிறவர் இவ்விரண்டையும் தவிர்ப்பதே மேல்.

கடற்கரைச் சட்டம்

கடற்கரை நிலத்துக்கென்று 1977-இல் இயற்றப்பட்ட 6043-ஆம் எண் சட்டம் தனி. அதன்படி, சாதாரண உயர் ஓதத்தின் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரையுள்ள நிலம் பொதுவாக அரசுக்கு உரியது. அதில் முதல் 50 மீட்டர் யாரும் கட்டடம் எழுப்பக்கூடாத, யாவரும் நடமாடுவதற்குரிய பொதுநிலம். அடுத்த 150 மீட்டரை நகராட்சி, ஒழுங்குத் திட்டம் வகுத்திருக்குமானால், 5 முதல் 20 ஆண்டு வரை சலுகைக் குத்தகையாகக் கொடுக்கலாம். அந்நாட்டில் ஐந்து ஆண்டாவது வசித்திராத வெளிநாட்டாருக்கும், பாதிக்கு மேல் வெளிநாட்டார் வசமுள்ள நிறுவனங்களுக்கும் இக்குத்தகை கிடையாது. இச்சட்டத்துக்கு முன்பே முறையாகப் பதிவான தனியார் நிலங்கள் சில உண்டென்றாலும், அவை விதிவிலக்குகளே.

ஆகையால் 'கடலைத் தொட்ட மனை' என்று எவரேனும் சொன்னால், அது பதிவான சொந்த நிலமா, குத்தகையா, குத்தகையும் இல்லாத வெறும் சுவாதீனமா என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் குத்தகையை வைத்துக்கொண்டு நாம் அனுபவிக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. சட்டத்தை ஏமாற்றும் அந்த ஏற்பாட்டில், ஏமாற்றப்பட்டால் முறையிட நமக்கு நீதிமன்றம் இராது. அந்தக் கரை எல்லாருக்கும் பொதுவாயிருப்பதனால்தான் அங்கே வேலிகளால் மறைக்கப்படாத கடற்கரையை நாம் காண்கிறோம். 200 மீட்டருக்கு அப்பால், சற்றே உயர்ந்த தரையில், பதிவான நிலத்தை வாங்கிக்கொண்டு, கடலுக்கு நடந்து போவதில் ஒரு குறைவும் இல்லை.

ஆறும் காடும் ஆதிக்குடிகளின் நிலமும்

1996-ஆம் ஆண்டின் 7575-ஆம் எண் வனச்சட்டம், நம் பெயரிலேயே உள்ள நிலத்திலும் நம் கையைக் கட்டுவது. வற்றாத ஊற்றைச் சுற்றி 100 மீட்டர் ஆரமும், ஆற்றின் இருகரையிலும் கிராமத்தில் 15 மீட்டரும் நகரத்தில் 10 மீட்டரும், நிலம் செங்குத்தாயிருந்தால் 50 மீட்டரும் பாதுகாப்புக்கு உட்பட்டவை. காடாயிருக்கும் நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதும் தடுக்கப்பட்டது. ஒரு ஹெக்டேர் வாங்கினோம் என்று மகிழ்ந்த பிறகு, ஊற்றும் ஓடையும் காடும் போக வீட்டுக்குத் தகுந்த இடம் மூலையில் ஒரு துண்டாக எஞ்சுவதும் உண்டு. கட்டுவதற்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை வரைபடத்தின் மேலேயே குறித்துத் தருமாறு சர்வேயரைக் கேளுங்கள். விலையை அந்தப் பரப்பைக் கொண்டு தீர்மானியுங்கள்.

1977-ஆம் ஆண்டின் 6172-ஆம் எண் சட்டப்படி, ஆதிக்குடிகளின் எல்லைக்குள் அக்குடிகள் அல்லாதார் நிலம் வாங்குவது செல்லாது. விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் அங்கே கால் வைக்கலாகாது. தென் கரீபியக் கரையிலுள்ள கந்தோக்கா மன்சானியோ வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டி நிலம் பார்க்கிறவர், சரணாலய எல்லைக்குள் அது விழுகிறதா என்று முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டும்.

தரகர், நோட்டரி, பணம்

நிலத் தரகராவதற்கு அங்கே அரசாங்க உரிமம் வேண்டியதில்லை. ஆகவே ஒருவர் நாவன்மையுடையவர் என்பது அவர் அறிவுக்கோ நாணயத்துக்கோ அத்தாட்சியாகாது. கிரயத்தை எழுதிப் பதிவகத்தில் சேர்ப்பிக்கும் அதிகாரம் நோட்டரிக்கே உரியது. அங்கே நோட்டரி என்பவர் வழக்கறிஞராகவும் இருக்க வேண்டும். நம் ஊர் நோட்டரிகளைப் போலக் கையொப்பத்துக்கு முத்திரையிடுவதோடு அவர் வேலை முடிந்துவிடாது. சொத்தின் முழுப்பரிசீலனையும் அவர் பொறுப்பில் வருவதால், விற்பவரோ தரகரோ காட்டும் நோட்டரியை ஏற்காமல், நாமே தனியாகத் தேர்ந்தெடுத்தவரை அமர்த்துவது அத்தியாவசியம். தெரியாத மொழியிலுள்ள பத்திரத்தை, நாமே அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் வரிவரியாகச் சொல்லக் கேட்காமல் கையொப்பம் இடலாகாது.

முன்பணத்தை விற்பவர் கையில் நேராகக் கொடுக்காமல், நிதிக் கண்காணிப்பு அதிகாரியிடம் பதிவுபெற்ற இடைக்காப்பு நிறுவனத்தில் செலுத்தி, நீர்க்கடிதமும் பதிவேடும் வரைபடமும் சரியாயிருந்தால் மட்டுமே அது விற்பவரைச் சேரும் என்று ஒப்பந்தம் எழுத வேண்டும். கிரயத் தொகைக்கு மேல் மாற்றுவரி 1.5 சதவீதம் உண்டு. முத்திரைச் செலவும் நோட்டரியின் கட்டணமும் சேர, மொத்தம் 4 சதவீதம் வரையில் ஆகுமென்று ஒதுக்கிக்கொள்ளலாம். இந்தியாவில் வசிப்பவர், ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ள தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், ஆளொன்றுக்கு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை இதற்காக அனுப்பலாம். வாங்கிய சொத்தை வருமான வரிக் கணக்கில் அந்நியச் சொத்தாகக் காட்ட வேண்டும். பணம் எப்படி வந்தது என்பதற்கான ஆதாரங்களை அங்குள்ள வங்கியும் கேட்கும். அவற்றை முன்னமே தொகுத்து வைப்பவர்க்குத் தாமதம் நேராது.

கையொப்பமிடும் நாளின் காலையிலேயே பதிவேட்டை மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பதிவகத்தில் முந்தி வந்த ஆவணத்துக்கே முந்திய உரிமை. நேற்றுவரை சுத்தமாயிருந்த சொத்தில் இன்று ஒரு கடன் ஏறியிருக்கலாம். கையொப்பம் முடிந்ததும் நோட்டரி ஆவணத்தை உடனே சேர்ப்பித்தாரா என்பதையும், சில வாரங்கள் கழித்துப் பதிவு நம் பெயருக்கு மாறிற்றா என்பதையும் நாமே பார்த்துத் திருப்தியடைய வேண்டும்.

வாங்கிய பின்

ஆண்டுதோறும் நகராட்சிக்குச் செலுத்தும் சொத்துவரி பதிவான மதிப்பில் 0.25 சதவீதமே, அது சுமையன்று. சுமையாவது, ஆள் இல்லாமல் பூட்டிவைத்த வீடு. ஈரம் அதனுள் புகுந்து உடைகளையும் நூல்களையும் கெடுக்கும். கவனிப்பாரற்ற காலி நிலத்தில் பிறர் குடியேறிவிடுவதும் உண்டு. அவர்களை அகற்றுவதற்கு எவ்வளவு தாமதிக்கிறோமோ அவ்வளவு சட்டம் கடினமாகும். ஆகையால் ஆண்டில் சில வாரங்களே தங்க எண்ணுகிறவர், நம்பகமான காவலாளுக்குச் சட்டப்படியான சம்பளமும் சமூகக் காப்பீடும் கொடுத்து அமர்த்தும் செலவைக் கணக்கில் சேர்த்த பிறகே விலையைப் பேச வேண்டும். அக்கணக்கு மிகையாகத் தோன்றினால், வாடகைக்குப் போய்த் தங்கிவருவதே அவர்க்கு லாபம். நிலையாக வசிக்க விரும்புவோர்க்கு, மாதம் 1,000 டாலர் ஓய்வூதியம் உள்ளவர்க்கான அனுமதியும், 1,50,000 டாலர் முதலீடு செய்பவர்க்கான அனுமதியும் போன்ற வழிகள் உண்டு. இவ்விதிகள் அவ்வப்போது மாறுவன ஆதலால், விண்ணப்பிக்கும் சமயத்தில் நடப்பிலுள்ளதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மழைக்காலம் முழுவதும் இருந்து பார்த்து, பத்திரங்களையும் பரிசீலித்து, ஊராரோடும் பழகிய பிறகு, இந்த இடம் வேண்டாம் என்று தோன்றினால், வாடகையாகக் கொடுத்த பணம் வீணாயிற்று என்று வருந்த வேண்டியதில்லை. பெருந்தொகை பிழைத்தது என்பதே உண்மை. வேண்டும் என்றே தோன்றினால், அதன்பின் தயங்கவும் வேண்டியதில்லை. சேற்றையும் வெள்ளத்தையும் கண்ட பிறகும் ஓரிடத்தின்மேல் மாறாதிருக்கும் விருப்பத்தை நம்பலாம். அப்படி வாங்குகிறவர், விடுமுறைக்கு வந்துபோகும் அந்நியராக இராமல், பாதையைச் செப்பனிடும் கூட்டத்திலும், ஊற்றைக் காக்கும் சங்கத்திலும் தமக்குரிய பங்கை எடுத்துக்கொண்டு, அவ்வூரின் குடிகளுள் ஒருவராகவே ஆகிவிடுவார்.